ஊருணி வரத்துக்காலுக்கு முதல் வருடம் 112 வீடு வந்தது, இந்த வருடம் 31தான். எங்கள் ஊருக்கு என்ன ஆயிற்று?

வரத்துக்கால் — ஞாயிறு இரவு 9.10

வணக்கம். காரைக்குடியிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. பெயர் சொன்னால் யார் யார் என்று உடனே தெரிந்துவிடும், அதனால் வேண்டாம். ஊர் நடுவில் ஊருணி. அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் கால் ஒன்றேகால் கிலோமீட்டர் நீளம், அதில் பாதி தூரம் சீமைக்கருவேலம். ஐப்பசி மழைக்கு முன்னால் காலைச் சுத்தம் செய்துவிட்டால் ஊருணி நிறையும், ஊருணி நிறைந்தால் சுற்றி இருக்கிற கிணறும் போரும் சித்திரை வரைக்கும் தாங்கும். ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த கணக்கு இது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து வீட்டுக்கு 500 ரூபாய் என்று கேட்டோம். மொத்தம் 140 தலைக்கட்டு, 112 வீடு கொடுத்தது. போன வருடம் 70. இந்த வருடம் ஆவணி பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், இன்றுவரை 31.

எங்கள் ஊர்க்காரர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. போன தை மாதம் ஒரு வீட்டுக் கூரை தீப்பிடித்தபோது நடு இரவில் குடமும் வாளியுமாக ஓடி வந்தவர்களும் இவர்கள்தான். ஆனால் காலுக்குப் பணம் என்று போய் நின்றால் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: “மேலத் தெருவுல பாதிப் பேரு கொடுக்கலையாமே, நான் மட்டும் எதுக்குப்பா?” மேலத் தெருவில் கேட்டால் அவர்கள் தெற்குத் தெருவைக் கை காட்டுகிறார்கள். தூக்கம் வரவில்லை. இந்த மாதிரி விஷயத்தைப் படித்தவர்கள், ஊர்க் காரியம் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள், மனிதர்கள் எப்போது சேர்ந்து நிற்கிறார்கள், எப்போது நழுவுகிறார்கள்?


பள்ளத்தூர்ப் பிள்ளை — ஞாயிறு இரவு 10.45

அண்ணே, நான் பொருளாதாரம் படித்தவன், இப்போது பெங்களூரில் வேலை. 112, 70, 31 என்று படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இதே மாதிரிச் சரிவைச் சோதனைக்கூடங்களில் பல நாட்டு ஆய்வாளர்கள் பல வருடமாகப் பார்த்து வருகிறார்கள்.

சோதனை இப்படி. நான்கு பேர், ஒருவரை ஒருவர் தெரியாது. ஆளுக்கு 20 காசு. அதில் எவ்வளவு வேண்டுமானாலும் பொது உண்டியலில் போடலாம், மிச்சம் தனக்கு. உண்டியலில் விழும் ஒவ்வொரு காசும் 1.6 ஆகப் பெருகி, நால்வருக்கும் தலைக்கு 0.4 வீதம் திரும்பி வரும், போட்டவர் போடாதவர் என்ற பேதமே கிடையாது. நால்வரும் முழுதாகப் போட்டால் ஆளுக்கு 32 கிடைக்கும். யாரும் போடாவிட்டால் அவரவர் 20 அப்படியே இருக்கும். மூன்று பேர் போட்டு ஒருவர் மட்டும் கையை மூடிக்கொண்டால் போட்டவர்களுக்கு 24, மூடிக்கொண்டவருக்கு 44. உங்கள் ஊருணிக்கும் இதே கணக்குத்தான், 500 கொடுக்காத வீட்டுக் கிணற்றிலும் அதே ஊற்றுத்தானே.

தனி ஆள் லாபத்தை மட்டும் பார்த்தால் முதல் சுற்றிலேயே யாரும் ஒரு காசுகூடப் போடக் கூடாது. ஆனால் மனிதர்கள் அப்படி இல்லை. முதல் சுற்றில் ஏறக்குறையப் பாதியைப் போடுகிறார்கள். அப்புறம் சுற்றுக்குச் சுற்று இறங்கி, பத்தாவது சுற்றில் உண்டியல் அநேகமாகக் காலி.

இதைப் பார்த்துவிட்டு ‘மனிதன் சுயநலக்காரன், புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆகிறது, அவ்வளவுதான்’ என்று சிலர் சொன்னார்கள். ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி 1988-ல் ஒரு காரியம் செய்தார். ஆட்டம் முடிந்து உண்டியல் வறண்ட பிறகு, இன்னொரு முறை முதலிலிருந்து ஆடலாம் என்று அதே ஆட்களிடம் சொன்னார். தொகை திரும்ப மேலே ஏறியது. புத்தி வந்ததால் குறைந்திருந்தால் அது ஏன் ஏற வேண்டும்? ஆக, அவர்கள் மனம் விட்டுப்போய் நிறுத்தியிருக்கிறார்கள்.

2001-ல் பிஷ்பாக்கர், கேக்டர், ஃபேர் என்ற மூன்று பேர், அடுத்தவர் இவ்வளவு போட்டால் நீ எவ்வளவு போடுவாய் என்று ஒவ்வொருவரிடமும் பட்டியல் போட்டு வாங்கினார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர், அடுத்தவர் போடப்போட நானும் கூட்டிப் போடுவேன் என்றவர்கள். யார் எவ்வளவு போட்டாலும் நான் போட மாட்டேன் என்றவர்கள் சுமார் 30 சதவீதம். இன்னும் ஒன்று, அந்த முதல் கூட்டத்திலும் பலர் அடுத்தவர் போடுவதைவிட ஒரு படி குறைத்தே போடுகிறார்கள். ஒவ்வொருவரும் கொஞ்சம் குறைத்தால், அதைப் பார்த்து அடுத்தவர் இன்னும் கொஞ்சம் குறைப்பார். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லாமலே மூன்று வருடத்தில் 112 என்பது 31 ஆகிவிடும். “நான் மட்டும் எதுக்குப்பா” என்று சொன்னவர்கள் ‘எல்லாரும் வந்தால் நான் வருவேன்’ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அவர்களை விட்டுவிடாதீர்கள்.


கோட்டையூர் ஓய்வு — திங்கள் காலை 6.20

நான் வங்கியில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவன். கடன் திரும்பி வருவது பயத்தால்தான், அன்பால் இல்லை. ஊர்க்கூட்டம் போட்டு, கொடுக்காத வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் அபராதம் என்று எழுதி ஒட்டுங்கள். இரண்டு வீட்டில் வாங்கினால் மற்றவர்கள் தானாக வருவார்கள்.


பள்ளத்தூர்ப் பிள்ளை — திங்கள் காலை 8.05

ஐயா, நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஃபேரும் கேக்டரும் அதே உண்டியல் ஆட்டத்தில் ஒரு விதியைச் சேர்த்தார்கள்: சரியாகப் போடாதவரைத் தண்டிக்கலாம், ஆனால் தண்டிப்பவரும் கைக்காசு செலவழிக்க வேண்டும். நான் 1 காசு இழந்தால் அவருக்கு 3 குறையும். இனி அவரைச் சந்திக்கவே போவதில்லை என்று தெரிந்தும் மனிதர்கள் தண்டித்தார்கள், உண்டியலும் நிறைந்தது. 2002-ல் வெளிவந்த ஆய்வு அது.

ஆனால் 2008-ல் அதையே 16 நகரங்களில் செய்து பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. ஏதென்ஸ், மஸ்கட் போன்ற இடங்களில், நிறையப் போட்டவர்களையே சிலர் திருப்பித் தண்டித்தார்கள், ‘நீ பெரிய யோக்கியனா’ என்கிற மாதிரி. ஏற்கெனவே நம்பிக்கை குறைந்த இடத்தில் தண்டனையைக் கொண்டுபோய் வைத்தால் பகைதான் வளரும்.

அபராதத் தொகையைப் பற்றியும் ஒன்று. இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துக் குழந்தைக் காப்பகங்களில் பெற்றோர் பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வருகிறார்கள் என்று அபராதம் விதித்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதுவரை ‘பாவம், டீச்சர் காத்திருக்கிறாரே’ என்ற கூச்சம் இருந்தது. அபராதம் வந்ததும் ‘காசு கட்டிவிட்டேனே’ என்று ஆகிவிட்டது. பிறகு அபராதத்தை எடுத்துவிட்டார்கள், கூச்சம் திரும்பி வரவில்லை. க்னீஸியும் ருஸ்டிகீனியும் 2000-ல் எழுதியது. உங்கள் ஊரில் அந்தக் கூச்சம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது, அதை ஆயிரம் ரூபாய்க்கு விற்றுவிடாதீர்கள்.


கண்டனூர் ஆச்சி — திங்கள் பகல் 11.30

தம்பி, எனக்கு 71 வயது, பேத்தி தட்டச்சுச் செய்து தருகிறாள். எங்கள் நகரத்தார் வழக்கத்தில் புள்ளி வரி என்று உண்டு. கல்யாணம் ஆனால் அந்தக் குடும்பம் ஒரு புள்ளி. கோயில் காரியத்துக்கு இவ்வளவு என்று முடிவானால் புள்ளிக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். கோடி வைத்திருந்தாலும் அதே தொகைதான், வாடகை வீட்டில் இருந்தாலும் அதே தொகைதான். வசதி உள்ளவர்கள் அதற்கு மேல் தனியாகத் திருப்பணி செய்துகொள்ளலாம், அது வேறு. வரி என்பது சமம்.

நான் சின்னப் பெண்ணாக இருக்கும்போது எங்கள் அப்பச்சிக்கு, அப்பாவைத்தான் அப்படிச் சொல்வோம், மிகவும் சிரமம், பர்மாவில் போன சொத்து போனதுதான், வரவே இல்லை. அப்போதும் புள்ளி வரியை நிலுவை வைக்காமல் கட்டினார்கள். எதற்கு இந்தக் கஷ்டத்திலும் என்று எங்கள் ஆத்தா கேட்டதற்கு, “இது கட்டுனாத்தான் நான் ஒரு புள்ளி, இல்லேன்னா நான் யாரு?” என்றார்கள். எனக்கு அது மறக்கவில்லை. என் கல்யாணத்துக்கு எங்கள் கோயிலிலிருந்து மாலை வந்தபோது அப்பச்சி முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பணம் கொடுப்பதில் ஒரு கௌரவம் இருந்தது, நானும் ஓர் ஆள் என்ற எண்ணம். நீங்கள் 500 ரூபாய் கேட்கும்போது அந்த எண்ணத்தையும் சேர்த்துக் கொடுக்கிறீர்களா என்று பாருங்கள்.


கீரமங்கலம் — திங்கள் மாலை 4.15

எங்கள் பக்கம் மொய் விருந்து கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆடியில் விருந்து வைத்தால் லட்சக்கணக்கில் மொய் விழும், வட்டி கிடையாது, ஆனால் அவரவர் விருந்து வரும்போது திருப்பிச் செய்ய வேண்டும். போலீஸும் இல்லை, பத்திரமும் இல்லை. ஆனால் நோட்டு உண்டு. யார் எவ்வளவு எழுதினார் என்று இரண்டு பக்கமும் இருக்கும். நோட்டு இல்லாமல் மொய் விருந்து ஒரு வருடம்கூட நடக்காது என்று நினைக்கிறேன்.


ஊத்தா — திங்கள் இரவு 8.50

சிங்கம்புணரிப் பக்கம் எங்கள் ஊர். கண்மாயில் மீன்பிடித் திருவிழா நடக்கும், பார்த்தவர்களுக்குத் தெரியும். மழைக்காலத்தில் நிறைந்த கண்மாய் மாசி பங்குனியில் இறங்கத் தொடங்கும், மீன் பெருத்துக் கிடக்கும், விரால், கெண்டை, கெளுத்தி எல்லாம். கரையில் காவல் ஆள் கிடையாது. ராத்திரி போய் ஒரு வலை வீசினால் யாருக்குத் தெரியும்? ஆனால் வீச மாட்டார்கள். விவசாயம் முடிந்து தண்ணீர் முழங்காலுக்கு வரும்வரை காத்திருப்பார்கள். நாள் குறித்து அக்கம்பக்கத்து ஊருக்கெல்லாம் சொல்லி, விடியற்காலையில் ஆயிரக்கணக்கில் கரையில் நிற்பார்கள், கையில் ஊத்தா, கச்சா, சேலை, கிடைத்தது எல்லாம். பெரியவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார்கள். அந்தத் துண்டு மேலே போகும் வரை ஒரு கால் தண்ணீரில் இறங்காது.

போன வருடம் என் பக்கத்தில் நின்ற ஒரு பையன் துண்டுக்கு முன்னால் இறங்கப் பார்த்தான். யாரும் அடிக்கவில்லை. நாலு பெண்கள் ஒரே நேரத்தில் “ஏலே!” என்று சத்தம் போட்டார்கள், அவன் காலை எடுத்துவிட்டான். பிடித்த மீனை எங்கள் ஊரில் விற்க மாட்டோம், வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்புதான். வெறுங்கையோடு போகிறவர்களுக்குப் பக்கத்தில் நின்றவர் இரண்டு கெண்டையைப் போட்டு அனுப்புவார்.

இதற்கு ஆராய்ச்சியில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நடக்கிறது, நானே வருடா வருடம் அந்தத் தண்ணீரில் நிற்கிறேன்.


பள்ளத்தூர்ப் பிள்ளை — திங்கள் இரவு 10.20

ஊத்தா அண்ணே, இதைப் படித்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீங்கள் சொன்ன இந்த மாதிரி இடங்களைத் தேடித் தேடிப் போனவர் எலினோர் ஆஸ்ட்ரம். அவருக்கு முன்னால் 1968-ல் காரட் ஹார்டின், பொது மேய்ச்சல் நிலம் என்றால் ஒவ்வொருவரும் ஒரு மாடு கூட்டி விட்டுக் கடைசியில் நிலம் பாழாகும், அரசு எடுத்துக்கொள்ள வேண்டும் அல்லது தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும், வேறு வழி இல்லை என்கிற மாதிரி எழுதியிருந்தார். ஆஸ்ட்ரம் சுவிட்சர்லாந்து மலைக் கிராமம், பிலிப்பைன்ஸ் வாய்க்கால் சங்கங்கள், ஸ்பெயின் பாசனம் என்று உண்மையான ஊர்களைப் பார்த்து, பல நூறு வருடமாகப் பாழாகாத பொதுச் சொத்துகள் இருப்பதைக் காட்டினார். 2009-ல் பொருளாதார நோபல் வாங்கிய முதல் பெண் அவர்தான். ஸ்பெயினின் வாலன்சியாவில் இன்றும் வியாழக்கிழமைதோறும் தேவாலய வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது, வாய்க்கால் தகராறை விவசாயிகளே விசாரித்து அங்கேயே தீர்ப்புச் சொல்கிறார்கள்.

அவர் கண்டவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது மூன்று. விதியை அதற்குக் கட்டுப்படுகிறவர்களே வகுக்க வேண்டும். கண்காணிப்பதும் அவர்களாகவோ அவர்களுக்குப் பதில் சொல்கிறவராகவோ இருக்க வேண்டும். தண்டனை சின்னதாகத் தொடங்க வேண்டும். அந்த “ஏலே!” இருக்கிறதே, அது அந்தச் சின்னத் தண்டனைதான்.

வரத்துக்கால் அண்ணே, இப்போது ஒரு கேள்வி. முதல் வருடம் பணத்தை எப்படி வசூல் செய்தீர்கள்? அதற்கு அப்புறம் எப்படி? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.


தெற்குவெளி — செவ்வாய் காலை 7.40

எல்லோரும் பழைய ஒற்றுமையைப் பற்றி நன்றாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர் ஊருணிப் படியில் எங்கள் ஆட்கள் இறங்க முடியாது. குடத்தை வைத்துக்கொண்டு தள்ளி நிற்க வேண்டும், யாராவது மனம் வைத்து ஊற்றினால் தண்ணீர். ஆனால் கண்மாய்க் கரை உடைந்தால் முதலில் மண் சுமக்க எங்கள் தெருவுக்குத்தான் ஆள் வரும். மடை திறப்பதும் நீர்ப்பாய்ச்சி வேலையும் எங்கள் வீட்டு ஆட்கள், நிலம் வேறு ஆட்களுடையது. அதற்கும் குடிமராமத்து, ஊர் ஒற்றுமை என்றுதான் பெயர்.

அது தானாக நடந்த ஒத்துழைப்பு என்றால் 1858-ல் வெள்ளைக்காரன் சென்னை மாகாணத்தில் கட்டாய வேலைச் சட்டம் எதற்குக் கொண்டுவந்தான்? டேவிட் மோஸ் என்ற மானிடவியலாளர் நம் ராமநாதபுரம், சிவகங்கைக் கண்மாய்களையே வருடக்கணக்கில் ஆராய்ந்தவர். கண்மாய் என்பது தண்ணீரை மட்டும் பகிர்ந்த இடம் இல்லை, மரியாதையையும் அதிகாரத்தையும் பகிர்ந்த இடம் என்று அவர் விளக்குகிறார். மரியாதை கிடைத்தவர்களுக்கு அது ஒற்றுமை. கிடைக்காதவர்களுக்கு வேறு பெயர்.

அதனால் நானும் ஒரு கேள்வி கேட்கிறேன். தெற்குத் தெருவைக் கை காட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே. உங்கள் பத்துப் பேரில் தெற்குத் தெரு ஆள் எத்தனை பேர்?


வரத்துக்கால் — செவ்வாய் இரவு 11.05

இரண்டு கேள்வியும் என்னை நாள் முழுக்க வேலை செய்ய விடவில்லை. உண்மையை எழுதிவிடுகிறேன்.

வசூல். முதல் வருடம் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தோம். கொடுக்க வருகிறவர் பெயரைச் சொல்வார், ஒருவர் நோட்டில் எழுதுவார், கொடுத்துவிட்டு அங்கேயே நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். வேலையும் கையால்தான், மண்வெட்டி, கடப்பாரை எடுத்துக்கொண்டு நான்கு ஞாயிறு. பெண்கள் மோர் கொண்டுவந்தார்கள். போன வருடம் எல்லோருக்கும் வேலை இருக்கிறது, சிரமம் வேண்டாம் என்று நான்தான் ஜிபே எண் கொடுத்தேன், ஜேசிபி வைத்து இரண்டு நாளில் முடித்துவிட்டோம். இந்த வருடமும் அதுவே. யார் கொடுத்தார் என்று என் கைப்பேசிக்கு மட்டும்தான் தெரியும். 70 வீடு கொடுத்தது என்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாது, பாதிக்கு மேல் கொடுக்கவில்லை என்ற பேச்சுத்தான் சுற்றியது. சிரமத்தைக் குறைப்பதாக நினைத்து, ஒருவரை ஒருவர் பார்க்கும் வாய்ப்பை நான் எடுத்துவிட்டேன்.

தெற்குத் தெரு. பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை. அந்தத் தெருவில் 38 வீடு. முதல் வருடம் 30 கொடுத்தார்கள். இந்த வருடம் 2. நாங்கள் முடிவெடுத்துவிட்டுப் பணம் கேட்க மட்டும் போயிருக்கிறோம். எனக்கு இது தோன்றாமல் போனதற்கு வெட்கப்படுகிறேன். நாளை போகிறேன்.


மூன்றாம் மடை — புதன் காலை 5.50

போய்ப் பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். எல்லோருக்கும் சம லாபம் இல்லை. எங்கள் கண்மாயில் முதல் மடைக்காரருக்கு எப்போதும் தண்ணீர் உண்டு, மூன்றாம் மடையில் இருக்கும் எனக்கு மூன்று வருடத்தில் ஒரு வருடம்தான் கடைசி வரை வரும். ஆனால் தலைக்குச் சமமாகக் கொடு என்றால் எப்படி மனம் வரும்? நாங்கள் இப்போது ஏக்கருக்கு இவ்வளவு என்றும், கடைமடை நிலத்துக்குப் பாதி என்றும் வைத்திருக்கிறோம். வாங்குவது குறைந்தது, ஆனால் எல்லோரும் கொடுக்கிறார்கள்.


கண்டனூர் ஆச்சி — புதன் காலை 9.15

தெற்குவெளித் தம்பி எழுதியதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். நீங்கள் சொன்னது உண்மை. நான் புள்ளி என்று பெருமையாக எழுதினேன், அந்தக் காலத்தில் யார் யார் புள்ளியில் இல்லை என்று நான் யோசித்ததில்லை. உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம்.


தெற்குவெளி — புதன் பகல் 1.00

நன்றி ஆச்சி. அப்பாவிடம் சொல்கிறேன்.


பூட்டிய வீடு — புதன் இரவு 7.30

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன், ஊர் கானாடுகாத்தான் பக்கம். ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீடு வருடத்தில் 350 நாள் பூட்டிக் கிடக்கிறது. ஊரிலிருந்து எதற்காவது பணம் கேட்டு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் நான் பார்த்துவிட்டு விட்டுவிடுவேன். 500 ரூபாய் எனக்குப் பெரிய தொகை இல்லை. இங்கே பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் ஒரு நன்கொடைச் சீட்டு வந்தால் உடனே கொடுக்கிறேன். ஊருக்கு ஏன் கொடுக்கவில்லை என்று இந்த இழையைப் படித்தபோதுதான் என்னையே கேட்டுக்கொண்டேன்.


பள்ளத்தூர்ப் பிள்ளை — புதன் இரவு 10.00

நீங்கள் இதை எழுதியது பெரிய விஷயம். பதில் ராபர்ட் ஆக்ஸல்ராட் 1980 வாக்கில் நடத்திய போட்டியில் இருக்கிறது. கைதிகள் சங்கடம் என்ற ஆட்டம், இருவரும் விட்டுக்கொடுத்தால் இருவருக்கும் நல்லது, ஆனால் ஒருவர் மட்டும் ஏமாற்றினால் ஏமாற்றியவருக்கு இன்னும் நல்லது. ஒரே ஒரு முறை ஆடினால் ஏமாற்றுவதுதான் லாபம். 1950-ல் ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தில் ஃப்ளட், ட்ரெஷர் என்ற இருவர் இதை முதலில் அமைத்து, தெரிந்தவர்கள் இரண்டு பேரை 100 முறை ஆடவிட்டார்கள். கணக்குப்படி ஒரு முறைகூட விட்டுக்கொடுக்கக் கூடாது. 60 முறை இருவரும் சேர்ந்து விட்டுக்கொடுத்தார்கள்.

ஆக்ஸல்ராட், அறிஞர்களிடமிருந்து கணினி நிரல்களாக உத்திகளை வாங்கி, பல சுற்று வீதம் ஒன்றோடு ஒன்றை மோதவிட்டார். முதல் போட்டியில் 14 உத்திகள், இரண்டாவதில் 62. இரண்டிலும் வென்றது அனடோல் ராப்பபோர்ட் அனுப்பிய மிகச் சின்ன நிரல்: முதலில் நல்லபடியாக நடந்துகொள், அதன்பின் எதிராளி போன முறை செய்ததையே திருப்பிச் செய். வந்தவற்றிலேயே மிகச் சிறியது அதுதான். ஆனால் அது பலிப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு, இருவரும் திரும்பத் திரும்பச் சந்திக்க வேண்டும். நாளை உன் முகத்தில் விழிக்க வேண்டும் என்ற எண்ணம் போய்விட்டால் அந்த உத்தியின் பலமும் போய்விடும். பூட்டிய வீட்டுக்கு அந்த ‘நாளை’ இல்லை.

பழைய நாளில் கடல் கடந்து போனவர்களும் நம்மவர்கள்தான் என்பதையும் யோசித்துப் பாருங்கள். மூன்று வருடக் கணக்குக்கு ரங்கூனுக்கோ ஈப்போவுக்கோ போன ஏஜென்ட், முதலாளியின் பெட்டியைத் தனியாகப் பார்த்துக்கொண்டான். ஏமாற்ற வேண்டுமென்றால் ஏமாற்றலாம். ஆனால் திரும்பி வந்து பெண் எடுப்பதும் கொடுப்பதும் அடுத்த வேலையும் இதே ஊர்களில்தான். 11-ஆம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடலில் வணிகம் செய்த மக்ரிபி யூத வணிகர்களைப் பற்றி அவ்னர் கிரைஃப் எழுதியதும் இதேதான்: ஒருவரிடம் ஏமாற்றிய ஏஜென்டை மற்ற எவரும் வேலைக்கு வைக்க மாட்டார்கள், கடிதம் மூலம் செய்தி பரவிவிடும். தூரமாக இருந்தால் மட்டும் ஒத்துழைப்பு அறுந்துவிடாது. செய்தி போய்ச் சேர வேண்டும், திரும்பி வருவோம் என்ற எண்ணமும் இருக்க வேண்டும்.


பூட்டிய வீடு — புதன் இரவு 10.40

தைப்பூசத்துக்குப் பழனி நடைபயணத்துக்கு ஒவ்வொரு வருடமும் வருகிறேன். அப்போது வழியில் யார் எனக்குச் சாப்பாடு போடுகிறார்கள் என்று கேட்காமல் சாப்பிடுகிறேன், என்னாலானதை நானும் கொடுக்கிறேன். இந்த முறை ஊரில் இரண்டு நாள் கூடுதலாக இருந்து எங்கள் ஊருணியையும் போய்ப் பார்க்கிறேன்.


கோட்டையூர் ஓய்வு — வியாழன் காலை 6.10

அபராதம் என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறவில்லை, ஆனால் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் வேண்டாம். இன்னொரு யோசனை. பெயர்களைப் பலகையில் எழுதினால், உண்மையிலேயே கொடுக்க முடியாத வீட்டுக்கு அவமானம் ஆகிவிடும். நூறு நாள் வேலைச் சம்பளத்தை எதிர்பார்த்து இருக்கிற வீடுகள் உண்டு. பணத்துக்குப் பதில் ஆள் வேலை என்று வையுங்கள், பலகையில் யார் பணம், யார் வேலை என்று பிரிக்காமல் ஒரே வரிசையில் எழுதுங்கள்.


வரத்துக்கால் — அடுத்த ஞாயிறு இரவு 8.30

நடந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதன் மாலை தெற்குத் தெருவுக்குப் போனேன். ஒரு அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம், பதினைந்து பேர் வந்தார்கள். முதல் அரை மணி நேரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அந்த அக்காதான் சொன்னார். போன வருடம் ஜேசிபி அள்ளிய வண்டலை எங்கே கொட்டினோம் தெரியுமா? தெற்குத் தெரு முனையில். அது கரை மாதிரி நின்று, மழைத் தண்ணீர் வெளியே போக முடியாமல் நான்கு வீட்டுக்குள் புகுந்திருக்கிறது. எங்கள் பத்துப் பேரில் ஒருவருக்கும் அது தெரியாது. “உங்க ஊருணி நெறஞ்சுச்சு தம்பி, எங்க வீடும் நெறஞ்சுச்சு” என்றார். எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். வேறு எதுவும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை அந்த வண்டலை எடுத்தோம். இருக்கிற 31 வீட்டுப் பணத்தில் முதல் செலவு அதுதான், இரண்டு பேர் முணுமுணுத்தார்கள், மற்றவர்கள் சரி என்றார்கள். சனிக்கிழமை இரவு மண்டபத்தில் கூட்டம், இந்த முறை எல்லாத் தெருவும். தெற்குத் தெருவிலிருந்து மூன்று பேர், அதில் இரண்டு பெண்கள், காரியம் பார்ப்பவர்களில் சேர்ந்தார்கள். கணக்கு நோட்டு அந்த அக்காவின் மகளிடம் இருக்கிறது, கல்லூரியில் வணிகவியல் படிக்கிற பெண். ஜிபே எண்ணை எடுத்துவிட்டோம். 500 ரூபாய் அல்லது ஒரு ஞாயிறு அரை நாள் வேலை, இரண்டில் எதுவானாலும் மண்டபத்துக் கரும்பலகையில் ஒரே வரிசையில் பெயர், கோட்டையூர் ஐயா சொன்ன மாதிரி.

இன்று காலை எத்தனை பேர் வருவார்கள் என்று எனக்குப் பயம். ஆறு மணிக்கு ஏழு பேர் இருந்தோம். தெருவில் போகிறவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். ஏழரைக்கு இருபது பேர். ஒன்பது மணிக்கு நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன், நோட்டுப்படி 64 பேர். யாரோ சுக்குக் காபி கொண்டுவந்தார்கள். ஒரு பெரியவர், மேலத் தெரு, இந்த வருடம் கொடுக்க மாட்டேன் என்று என்னிடம் முகத்துக்கு நேராகச் சொன்னவர், மண்வெட்டியோடு வந்து நின்று “எங்கே வெட்டணும்?” என்று மட்டும் கேட்டார். இருநூறு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் முடிந்தது. பலகையில் இப்போது 83 வீட்டுப் பெயர்.

வராத வீடுகளும் உண்டு, சில வீடுகள் வரவே வராது என்று நினைக்கிறேன், பள்ளத்தூர்த் தம்பி சொன்ன அந்த 30 சதவீதம். அவர்கள் வீட்டுக் கதவை இனித் தட்டப் போவதில்லை.


பள்ளத்தூர்ப் பிள்ளை — ஞாயிறு இரவு 9.15

அண்ணே, எத்தியோப்பியாவில் பாலே மலைக் காடுகளைப் பார்த்துக்கொள்ளும் 49 குழுக்களைப் பற்றி 2010-ல் ஓர் ஆய்வு வந்தது. அடுத்தவர் செய்தால் நானும் செய்வேன் என்பவர்கள் அதிகம் இருந்த குழுக்களின் காடு நன்றாக இருந்தது. அந்த ஆட்கள்தான் காட்டைச் சுற்றி ரோந்து போவதற்கும் அதிக நேரம் கொடுத்தார்கள். உங்கள் மேலத் தெருப் பெரியவரைப் படித்ததும் அந்த ஆய்வு ஞாபகம் வந்தது. அடுத்த ஞாயிறு நான் ஊருக்கு வருகிறேன், எனக்கும் ஒரு மண்வெட்டி வையுங்கள்.


வரத்துக்கால் — ஞாயிறு இரவு 9.40

வா தம்பி, கட்டாயம் வா. காலை ஆறு மணி, பிள்ளையார் கோயில் மண்டபம்.

கடைசியாக ஒரு உதவி. காலின் நடுவில் சாலைக்கு அடியில் ஒரு பாலம் இருக்கிறது, குழாய் முக்கால்வாசி அடைத்துக் கிடக்கிறது. மண்வெட்டியால் ஆகாது, சாலையைத் தொட்டால் அனுமதி வேண்டும். ஊராட்சியில் கேட்டால் ஒன்றியத்தைச் சொல்கிறார்கள், ஒன்றியத்தில் கேட்டால் நெடுஞ்சாலையைச் சொல்கிறார்கள். ஐப்பசி பிறக்க இன்னும் மூன்று வாரம்தான். இந்த மாதிரி மனுவை யாரிடம், எந்த நாளில் கொடுத்தால் வேலை ஆகும் என்று அனுபவப்பட்டவர்கள் யாராவது சொன்னால், நாளைக் காலையிலேயே எழுதி எல்லாத் தெருவிலும் கையெழுத்து வாங்கிவிடுவோம்.